ஓபன்பிஎஸ்டியின் பிஎஃப்: ஒரே வரியில் முகவரி மாற்றம், அந்த வரிக்குப் பின்னால் ஒரு பொறி

ஒரே ஒரு பொது ஐ.பி. முகவரியை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் எண்பதுக்கும் மேற்பட்ட கணினிகளையும் தொலைபேசிகளையும் இணையத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்பதுதான் என் தேவையாக இருந்தது. ஒரு சிறிய சர்வரில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை நிறுவி, அதனுடனேயே வரும் பிஎஃப் என்னும் பாக்கெட் வடிகட்டியிடம், அதாவது பிணையத்தில் செல்லும் தரவுத் துண்டுகளை விதிப்படி விடும் அல்லது தடுக்கும் ஃபயர்வாலிடம், அந்த வேலையை ஒப்படைத்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் இதே வேலையை லினக்ஸில் செய்து பழகியிருந்ததால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் படித்துப் புரிந்துகொள்ள முடிகிற விதிக் கோப்பை எனக்குத் தந்த ஃபயர்வால் இது ஒன்றுதான். ஆனால் படிக்க எளிதாக இருக்கும் காரணத்தாலேயே, எல்லாம் புரிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் அது நம்மைக் கவிழ்த்தும் விடுகிறது.

பாக்கெட்டின் முகவரியை வழியில் மாற்றி எழுதும் பிணைய முகவரி மாற்றம், அதாவது பேச்சு வழக்கில் நேட், 1994 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 1631 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் முகவரித் தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் தற்காலிக ஏற்பாடாகவே முன்வைக்கப்பட்டது. அந்தத் தற்காலிகம் இன்னும் முடிந்தபாடில்லை. பிஎஃப் அதைவிட இளையது. ஓபன்பிஎஸ்டியில் அதுவரை இருந்த ஐபிஃபில்டர், உரிமம் தொடர்பான சர்ச்சையால் 2001 மே மாதம் நீக்கப்பட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்ப டேனியல் ஹார்ட்மையர் எழுதத் தொடங்கிய நிரல்தான் பிஎஃப். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான 3.0 பதிப்பில் அது இடம்பெற்றுவிட்டது. இந்தப் பழங்கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைசியாகப் பொருந்துகிற விதியே வெல்லும் என்ற வழக்கம் ஐபிஃபில்டரிலும் இருந்தது, பிஎஃப்பும் அப்படியே வைத்துக்கொண்டது. முதலில் பொருந்தும் விதியோடு தேடலை நிறுத்திவிடும் ஃபயர்வால்களிலிருந்து வருபவர் முதல் வாரத்தில் தடுமாறுவது இங்கேதான். 'குவிக்' என்ற சொல்லை விதியில் சேர்த்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும் என்பது உண்மைதான். எனினும் எல்லா விதியிலும் குவிக் எழுதுவது பிஎஃப்பை வேறொன்றாக மாற்றப் பார்ப்பதாகும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறுவிய பின் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஒரு இன்டர்ஃபேஸில் (பிணைய இணைப்பு முனையில்) வரும் பாக்கெட்டை மற்றொன்றின் வழியாக வெளியே விடுவதற்கான கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அமைவு, இயல்பு நிலையில் அணைக்கப்பட்டிருக்கும். 'நெட்.ஐநெட்.ஐபி.ஃபார்வர்டிங்' என்ற அந்த மதிப்பை 1 ஆக்கி, மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்கும்படி 'சிஸ்சிடிஎல்' கோப்பிலும் எழுதிவிட வேண்டும். பிஎஃப்பைத் தனியாக இயக்கத் தேவையில்லை. 2009-இல் வந்த 4.6 பதிப்பு முதல் அது தானாகவே இயங்குகிறது. இயங்குகிறது என்பதற்காகத் தடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடன் வரும் விதிக் கோப்பில் எல்லாவற்றையும் மறுக்கும் 'பிளாக் ரிட்டர்ன்' வரியும், அடுத்ததாக எல்லாவற்றையும் அனுமதிக்கும் 'பாஸ்' வரியும் இருக்கும். கடைசி விதி வெல்லும் என்பதால், ஓரிரு விலக்குகளைத் தவிர, கதவு திறந்தே கிடக்கிறது. எனவே அந்தக் கோப்பைச் சீர்திருத்துவதைவிட, காலியான கோப்பில் 'பிளாக்' என்ற சொல்லோடு தொடங்குவதே நல்லது.

இனி அந்த ஒரு வரி. வாய்விட்டுப் படித்தால் இப்படி ஒலிக்கும்: 'மேட்ச் அவுட் ஆன் ஈக்ரெஸ் ஃப்ரம் 192.168.10.0/24 நேட்-டு (ஈக்ரெஸ்)'. வெளியே செல்லும் இன்டர்ஃபேஸில், உள் பிணையத்திலிருந்து வரும் பாக்கெட்டின் மூல முகவரியை, அந்த இன்டர்ஃபேஸின் முகவரியாக மாற்று என்பதே இதன் பொருள். மேட்ச் விதி பாக்கெட்டை அனுமதிப்பதோ தடுப்பதோ இல்லை, மாற்றத்தை மட்டும் செய்யும். வன்பொருளுக்கு வன்பொருள் இன்டர்ஃபேஸின் பெயர் மாறும். ஆனால் இயல்பான வழித்தடம் எந்த இன்டர்ஃபேஸில் இருக்கிறதோ அது தானாகவே ஈக்ரெஸ் என்ற குழுவில் சேர்ந்துவிடும். அதனால்தான் பழுதான சர்வரை எடுத்துவிட்டு வேறு பிணைய அட்டை கொண்ட சர்வரை வைத்தபோது இந்த வரியில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அடைப்புக்குறிகள் அலங்காரத்துக்கு இடப்பட்டவை அல்ல. அவை இல்லையென்றால், விதிகளை ஏற்றும் நேரத்தில் இருந்த முகவரி விதிக்குள் உறைந்துவிடும். இருந்தால், முகவரி மாறும்போதெல்லாம் விதியும் மாறும். இணைய இணைப்பு அறுந்து மீண்டும் வரும்போது புதிய முகவரி தரும் சேவைகளில் இந்த இரண்டு வளைவுகள்தான் இணையம் வருகிறதா இல்லையா என்பதை முடிவு செய்கின்றன. இரண்டையும் நான் விட்டுவிட்டு எழுதிய காலம் ஒன்று உண்டு. இணைப்பு இருக்கிறது, ஃபயர்வாலிலிருந்து பிங் போகிறது, உள்ளே இருக்கும் எந்தக் கணினிக்கும் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்ற நிலையில் ஒரு காலைப் பொழுது முழுவதையும் கேபிளைச் சந்தேகித்தே கழித்தேன்.

தலைப்பில் குறிப்பிட்ட பொறிக்கு வருகிறேன். எல்லாவற்றையும் தடுக்கும் விதியோடு தொடங்கி, மேற்சொன்ன மேட்ச் வரியை எழுதி, உள் இன்டர்ஃபேஸில் வருவதை அனுமதித்து, கடைசியாக '192.168.10.0/24 முகவரிகளிலிருந்து ஈக்ரெஸ் வழியாக வெளியே செல்வதை அனுமதி' என்று கண்ணியமாக ஒரு பாஸ் விதியை எழுதினேன். யார் படித்தாலும் சரியென்றே சொல்வார்கள். ஆனால் ஒரு பாக்கெட்டும் வெளியே போகவில்லை. மேட்ச் விதியில் முகவரி மாற்றம் எழுதப்பட்டிருந்தால், அந்த வரியைத் தாண்டிய கணமே பாக்கெட்டுக்குப் புது முகவரி வந்துவிடுகிறது. அதன் பின் வரும் விதிகள் எல்லாம் மாற்றப்பட்ட முகவரியைத்தான் பார்க்கின்றன. என் பாஸ் விதி தேடிய 192.168.10.0/24 என்ற மூலமே அங்கே இல்லை. லினக்ஸில் இதற்கு நேர்மாறான பழக்கம்: மூல முகவரி மாற்றம் போஸ்ட்ரவுட்டிங் என்ற கடைசிக் கட்டத்தில் நடப்பதால், அதற்கு முன்னுள்ள ஃபார்வர்ட் விதிகள் உள் முகவரியையே காண்கின்றன. அந்தப் பழக்கத்தோடு வந்த என் கண்ணுக்கு இந்தப் பிழை தெரியவே இல்லை. கடைசியில் காட்டிக்கொடுத்தது விதிகளின் எண்ணிக்கைக் கணக்கு. பிஎஃப்பைக் கட்டுப்படுத்தும் 'பிஎஃப்சிடிஎல்' கருவியை விரிவான வெளியீட்டோடு இயக்கினால், ஒவ்வொரு விதிக்குக் கீழும் அது எத்தனை முறை சோதிக்கப்பட்டது, எத்தனை பாக்கெட் அதில் பொருந்தியது என்ற கணக்கு வரும். சோதிக்கப்பட்ட எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்க, பாக்கெட் எண்ணிக்கை மட்டும் பூஜ்யத்தில் நின்றது.

இதற்குத் தீர்வாக மூல முகவரியை எழுதாமல் வெளியே செல்லும் எல்லாவற்றையும் அனுமதித்துவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் விரும்புவது குறியிடும் முறை: உள் இன்டர்ஃபேஸில் நுழையும்போதே 'டேக்' என்ற சொல்லால் பாக்கெட்டுக்கு ஒரு பெயர் ஒட்டிவிட்டு, வெளியேறும் இடத்தில் அந்தப் பெயருள்ளதை மட்டும் அனுமதிப்பது. முகவரி எத்தனை முறை மாறினாலும் பெயர் மாறாது. விருந்தினர் பிணையம், தொலைபேசிப் பிணையம், அலுவல் பிணையம் என்று மூன்று உள் பிணையங்கள் வந்தபோது இந்த முறை இல்லாமல் என் கோப்பு நாற்பது வரிகளில் அடங்கியிருக்காது.

முகவரி மாற்றத்தின் உயிர் விதிக் கோப்பில் இல்லை, ஓடும் இணைப்புகளை பிஎஃப் குறித்து வைக்கும் நிலை அட்டவணையில் இருக்கிறது. பிஎஃப்சிடிஎல் மூலம் அதைத் திறந்து ஒரே ஒரு இணைப்பைப் பார்ப்போம். உள்ளே 192.168.10.7 என்ற கணினி, 49822 என்ற போர்ட்டிலிருந்து (ஒரு கணினியின் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்), வெளியே 198.51.100.9 என்ற சர்வரின் 443 போர்ட்டுக்குப் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் அந்த ஒரு இணைப்புக்கு இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது உள் இன்டர்ஃபேஸில் நுழைந்ததற்கு. அதில் எந்த மாற்றமும் இராது. இரண்டாவது வெளியே சென்றதற்கு, அதில் 203.0.113.5:58213 என்ற பொது முகவரியும், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 192.168.10.7:49822 என்ற உண்மையான முகவரியும், பிறகு அம்புக்குறியும் சேருமிடமும் இருக்கும். முகவரி மாற்றம் என்றால் என்ன என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு விளக்க நான் படம் வரைவதை விட்டுவிட்டேன். இந்த வரியைக் காட்டினால் போதுமானதாக இருக்கிறது. வெளியிலிருந்து பதில் வரும்போது பிஎஃப் விதிகளைப் புரட்டுவதில்லை, இந்த வரியைக் கண்டுபிடித்து மாற்றத்தைத் திருப்பிப் போட்டு உள்ளே அனுப்பிவிடுகிறது.

ஒரு இணைப்புக்கு இரண்டு வரி என்பதைத் திறன் கணக்கிடும்போது மறந்துவிடக் கூடாது. அட்டவணையின் இயல்பான உச்சவரம்பு 1,00,000 என்றால், கடந்து செல்லும் இணைப்புகளுக்கு அது ஏறத்தாழ 50,000 தான். காலக்கெடுவும் இதில் சேரும். நிலைபெற்ற டி.சி.பி. இணைப்பில் எதுவும் பேசப்படாவிட்டாலும் பிஎஃப் அதை 86,400 விநாடிகள், அதாவது ஒரு முழு நாள், நினைவில் வைத்திருக்கும். லினக்ஸின் இயல்பு மதிப்பு ஐந்து நாட்கள் என்பதோடு ஒப்பிட்டால் இது சிக்கனமானதே. இணைப்பு ஏற்படுத்தாமலேயே தரவு அனுப்பும் யு.டி.பி. நெறிமுறைக்கு, இருபுறமும் பேச்சு நடந்திருந்தால் 60 விநாடிகள். அட்டவணை அறுபது விழுக்காடு நிரம்பியதும் காலக்கெடுகளைத் தானே படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பெரும்பாலோர் இந்த எண்களைத் தொட வேண்டியதில்லை, நானும் தொட்டதில்லை.

விதிகளை மீண்டும் ஏற்றினாலும் நிலை அட்டவணை அழிவதில்லை என்பது இந்தப் பொருளின் சிறப்புகளில் ஒன்று. பழைய விதித் தொகுப்பு நீங்கிப் புதியது அமர்வது ஒரே வீச்சில் நடக்கிறது, இடையில் பாதித் தொகுப்பு என்ற நிலையே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பதிவிறக்கம் எதுவும் அறுவதில்லை. இதே சிறப்பு என்னை ஒருமுறை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து விதிகளை மாற்றி ஏற்றினேன். என் இணைப்பு அறவில்லை என்பதால் எல்லாம் சரி என்று முடிவு செய்து வெளியேறினேன். மறுபடி நுழைய முயன்றபோதுதான், நிர்வாக முகவரிகளை அனுமதிக்கும் விதியைத் தவறுதலாக நீக்கியிருந்தது தெரிந்தது. என் பழைய இணைப்பு அதன் பழைய நிலையின் தயவில் ஓடிக்கொண்டிருந்ததே தவிர, புதிய விதிகளை அது சந்திக்கவே இல்லை. அன்றிலிருந்து இரண்டு பழக்கங்களைக் கைவிட்டதில்லை. ஏற்றுவதற்கு முன் பிஎஃப்சிடிஎல்லை 'என்' கொடியோடு ஓடவிட்டு இலக்கணத்தைச் சரிபார்ப்பது ஒன்று. ஐந்து நிமிடத்தில் பழைய கோப்பைத் தானாகத் திரும்ப ஏற்றும்படி 'அட்' கட்டளைக்கு வேலை கொடுத்துவிட்டு, புதிய இணைப்பு ஒன்றைத் திறந்து பார்த்த பிறகே அந்த வேலையை நீக்குவது மற்றொன்று. இலக்கணச் சரிபார்ப்பு மட்டும் என்னை அன்று காப்பாற்றியிருக்காது, ஏனென்றால் அந்தக் கோப்பில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

நிலை உயிரோடிருப்பதன் இன்னொரு தொல்லை தொலைபேசிகளில் வெளிப்படும். பொது முகவரி மாறிய பிறகும் இணையத்தொலைபேசி ஒன்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை தன் சர்வருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தால், அறுபது விநாடிக் காலக்கெடு ஒருபோதும் முடிவதில்லை. பழைய நிலையும் சாவதில்லை. பாக்கெட் பழைய பொது முகவரியோடே வெளியே போய்க்கொண்டிருக்கும், பதில் மட்டும் வராது. விதியில் அடைப்புக்குறி இருந்தும் பயனில்லை, ஏனெனில் விதி புதிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். நிலை அட்டவணையைத் துடைத்தால்தான் தொலைபேசி உயிர் பெறும். இதைத் தானாகக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு ஏதும் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. முகவரி மாறினால் அட்டவணையைத் துடைக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை நானே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து உள்ளே திருப்பிவிடுவதற்கு 'ஆர்டிஆர்-டு' என்ற சொல். பொது முகவரியின் 443 போர்ட்டுக்கு வருவதை 192.168.10.20 என்ற உள் சர்வருக்கு அனுப்பு என்று ஒரே பாஸ் விதியில் எழுதிவிடலாம். திருப்பலும் அனுமதியும் ஒரே இடத்தில் இருப்பதால், திருப்பிவிட்டு அனுமதிக்க மறப்பது என்ற பழைய பிழைக்கு இடமில்லை. சிக்கல் வருவது, உள்ளே இருக்கும் ஒருவர் அதே சர்வரை அதன் பொது முகவரியால் அழைக்கும்போது. திருப்பல் விதியை உள் இன்டர்ஃபேஸிலும் எழுதினால் பாக்கெட் உள் சர்வரை அடைந்துவிடும். ஆனால் மூல முகவரி உள் முகவரியாகவே இருப்பதால், சர்வர் தன் பதிலை ஃபயர்வாலுக்கு அனுப்பாமல் நேராகப் பக்கத்து இருக்கைக்காரருக்கு அனுப்புவதுபோல் அந்தக் கணினிக்கே அனுப்பிவிடும். கேட்டது பொது முகவரியிடம், பதில் வருவது அறிமுகமில்லாத உள் முகவரியிடமிருந்து. கணினி அதைத் தூக்கி எறிந்துவிடும். இதற்கு ஓபன்பிஎஸ்டியின் ஆவணமே பல வழிகளைச் சொல்கிறது: உள்ளே வேறு, வெளியே வேறு எனப் பதில் சொல்லும் டி.என்.எஸ். (பெயரை முகவரியாக மாற்றும் சேவை), இடையில் ஒரு ப்ராக்ஸி (இடைத்தரகர் நிரல்), ஆர்டிஆர்-டுவோடு நேட்-டுவையும் சேர்த்து மூல முகவரியையும் மாற்றுவது, சர்வரைத் தனிப் பிணையத்துக்கு நகர்த்துவது. கடைசியாகச் சொன்னதையே நான் தேர்ந்தெடுத்தேன். மூன்றாவது பிணைய அட்டை ஒன்றைச் செருகி சர்வரை அதன் பின்னால் வைத்துவிட்டால் பதில் ஃபயர்வால் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். வெளிக்குக் காட்டப்படும் சர்வர் அலுவல் கணினிகளோடு ஒரே பிணையத்தில் இருப்பதும் நல்லதல்ல. மூல முகவரியையும் மாற்றும் வழி விரைவாக வேலை செய்யும், ஆனால் சர்வரின் பதிவேட்டில் உள்ளிருந்து வந்தவர்கள் அனைவரும் ஃபயர்வாலின் முகவரியோடே தெரிவார்கள். யார் வந்தார் என்று பிறகு தேட முடியாது.

முகவரியை மாற்றும்போது தரும் போர்ட்டுகளை பிஎஃப் 50001 முதல் 65535 வரையிலான எண்களிலிருந்து கணிக்க முடியாதபடி எடுக்கிறது. இது சிறு விஷயம் அல்ல. 2008-இல் டேன் கமின்ஸ்கி வெளிப்படுத்திய டி.என்.எஸ். குறைபாட்டுக்குத் தீர்வாக, வினவும் போர்ட்டைச் சர்வர்கள் தாறுமாறாக மாற்றத் தொடங்கியபோது, சில நேட் கருவிகள் அந்த எண்களை மறுபடி வரிசையாக்கி அந்தப் பாதுகாப்பையே வீணடித்தன. பிஎஃப் அந்தத் தவறைச் செய்யவில்லை. இதற்கான விலையாக, மூல போர்ட் மாறினால் பொறுக்காத சில பழைய நெறிமுறைகளும் விளையாட்டுக் கருவிகளும் முரண்டு பிடிக்கும்; அவற்றுக்கு மட்டும் தனி வரியில் 'ஸ்டாட்டிக்-போர்ட்' என்று எழுதிவிட வேண்டும். பழைய கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான எஃப்.டி.பி.க்கு இன்னமும் தனி ப்ராக்ஸி தேவைப்படுகிறது. பயனர் பெயர், கடவுச்சொல்லோடு நுழையும் பி.பி.பி.ஓ.இ. வகை இணைய இணைப்பு என்றால் அதிகபட்சப் பாக்கெட் அளவு 1492 பைட்தான் என்பதால், பாக்கெட்டுகளைச் சீர்செய்யும் ஸ்க்ரப் விதியில், ஒரு பாக்கெட்டில் செல்லும் தரவின் உச்ச அளவான 'மேக்ஸ்-எம்எஸ்எஸ்' மதிப்பை 1452 ஆகக் குறைக்காவிட்டால் சிறிய பக்கங்கள் திறந்து பெரியவை பாதியில் தொங்கும். பலர் இதை முகவரி மாற்றத்தின் கோளாறு என்று எண்ணித் தேவையில்லாத இடத்தில் தோண்டுகிறார்கள்.

குறைகளில் முதலிடம் இலக்கண மாற்றத்துக்கு. 2010 மே மாதம் வந்த 4.7 பதிப்பு வரை முகவரி மாற்றத்துக்குத் தனி விதிகள் இருந்தன. அந்தப் பதிப்பில் அவை நீக்கப்பட்டு, இப்போதுள்ள மேட்ச், நேட்-டு அமைப்பு வந்தது. புதியதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓபன்பிஎஸ்டியின் உறவு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி தன்னிடம் கொண்டுபோன பிஎஃப்பில் பழைய இலக்கணத்தையே நீண்ட காலம் தொடர்ந்தது. ஒரே பெயரில், ஒரே கோப்புப் பெயரோடு, இரண்டு மொழிகள் உலவுகின்றன; தேடி எடுக்கும் எடுத்துக்காட்டு எந்த மொழியில் எழுதப்பட்டது என்று பாராமல் ஒட்டினால் இலக்கணப் பிழை கிடைக்கும், அது கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றே கொள்ள வேண்டும். இணையத்தில் தேடுவதைவிட உடன் வரும் கையேட்டுப் பக்கத்தைப் படிப்பதே பாதுகாப்பானது. அந்தப் பக்கம் அவ்வளவு கவனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. பல கருச் செயலிகளின் வேகத்தைப் பயன்படுத்திக்கொள்வதில் ஓபன்பிஎஸ்டியின் பிஎஃப் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. ஃப்ரீபிஎஸ்டி 2014-இல் 10.0 பதிப்பிலேயே இதைச் சரிசெய்துவிட்டது. எங்கள் இணைப்பின் வேகத்துக்கு இது உறைக்கவில்லை, மிகப் பெரிய இணைப்பு வைத்திருப்பவர்கள் சோதித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு, கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே பாதுகாப்புத் திருத்தம் என்ற கொள்கையும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது மேம்படுத்த நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இது ஒத்துவராது.

உலாவித் திரையில் பொத்தானை அழுத்தி அமைக்க விரும்புபவர்கள் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே ஃப்ரீபிஎஸ்டியின் பிஎஃப்பின் மேல் கட்டப்பட்டவைதான். நேட் இருப்பதையே பாதுகாப்பு என்று எண்ணித் தடுப்பு விதிகளை எழுதாமல் விடுபவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது. ஐ.பி. ஆறாம் பதிப்பை இயக்கியதும் உள்ளே உள்ள ஒவ்வொரு கணினிக்கும் பொது முகவரி வந்துவிடும், அங்கே முகவரி மாற்றத்தின் திரை இருக்காது. என் கோப்பில் முதல் வரியாக உள்ள 'பிளாக்' இரண்டு பதிப்புகளுக்கும் சேர்த்தே பொருந்துவதால், ஆறாம் பதிப்பை இயக்கிய அன்று நான் சேர்த்தவை நான்கு அனுமதி வரிகள் மட்டுமே. அவற்றில் இரண்டு, பிணையத்தின் பிழை, கட்டுப்பாட்டுச் செய்திகளைச் சுமக்கும் ஐ.சி.எம்.பி. நெறிமுறைக்காக எழுதியவை; ஆறாம் பதிப்பில் அந்த நெறிமுறை இல்லாமல் எதுவும் ஓடாது.